பட்டமும் பாத்தியதையும்: கொங்கு மண்ணில் அரசுரிமை கோரியவர்கள்

இணையத்தில் ஆளுக்கொரு நாட்டை உருவாக்கி நடத்தும் விளையாட்டுகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது நேஷன்ஸ்டேட்ஸ். ஆஸ்திரேலிய நாவலாசிரியர் மேக்ஸ் பாரி 2002 நவம்பரில் அதைத் தொடங்கினார். சேருகிறவர் தன் நாட்டுக்குப் பெயர் சூட்டி, கொடியும் நாணயமும் தேசிய விலங்கும் தேர்ந்து, அன்றைக்கே ஆட்சியைத் தொடங்கிவிடலாம். இத்தகைய விளையாட்டுகளை ஒட்டி வளர்ந்த, பாத்திரமேற்று ஆடும் குழுக்களில் இன்னும் ஒரு படி உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிலப்படம் இருக்கும். இந்த ஆற்றிலிருந்து அந்த மலை வரை எனக்கு வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கேட்பார். படத்தைப் பராமரிப்பவர், அதே இடத்தை வேறு யாரும் முன்பே கேட்டிருக்கிறார்களா என்று பார்த்து, வண்ணம் தீட்டிக் கொடுப்பார். பிறகு பேரரசர், கோமகள், இளவரசர் என்று பட்டங்கள். போரும் எழுத்திலேயே நடக்கும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. என் படை வந்தது என்று நீங்கள் எழுதலாம். எதிராளியின் படை அழிந்தது என்று நீங்களே எழுதிவிடக் கூடாது. இழப்பை இழந்தவர்தான் எழுத வேண்டும்.

அரசியல் வரலாறு படிக்கும் எவரும் இந்தக் கட்டுப்பாட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். தன்னை அரசர் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளத் தடை இல்லை. பிறர் அதை ஒப்புக்கொண்டு பதில் எழுதும்போதுதான் ஆட்டம் நகர்கிறது. கற்பனை நாடுகளுக்கும் வெளியுலகின் ஒப்புதல் தேவைப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. நேஷன்ஸ்டேட்ஸ் நாடுகள் கூடும் மன்றத்துக்கு ஐக்கிய நாடுகள் என்றே முதலில் பெயர் இருந்தது. உண்மையான ஐ.நா. 2008 தொடக்கத்தில் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. அந்த ஏப்ரலில் மன்றத்தின் பெயர் உலகப் பேரவை என்று மாறியது.

நிலத்தை யார் கேட்டார்கள், பட்டத்தை யார் கொடுத்தார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள், யாருடைய இழப்பை யார் எழுதினார்கள்? கொங்கு நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது. அங்கே அவை உயிரும் உழைப்பும் செலவாகிப் போன கேள்விகள். பாறையிலும் கோயில் சுவரிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் அவற்றுக்கான விடைகள் கிடக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து படித்தால் ஒன்று துலங்குகிறது. ஒரு பட்டத்தின் வலிமையைச் சூடியவரை வைத்து அளக்க முடியாது. அதை ஏற்றவர்கள் யார், அதற்காக அவர் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டார் என்ற இரண்டையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கரூருக்கு அருகே, புகளூர் ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பொது ஆண்டின் முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த தமிழி எழுத்துகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சேர அரசன் ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அவற்றுள் ஒரு கல்வெட்டு சொல்கிறது. பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்ற முனிவருக்கு வெட்டிக் கொடுத்த படுக்கை அது. சங்க இலக்கியம் பாடும் இரும்பொறை மரபினரோடு இவர்களை ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட அறிஞர்கள் இணைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

கொங்கு வட்டாரத்தில் அரச பட்டம் ஒன்று எழுத்தில் அறிவிக்கப்பட்ட மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அறிவிப்பு நடந்த விதத்தைப் பாருங்கள். எத்தனை நாடு வென்றான், யாரை வீழ்த்தினான் என்ற பேச்சே இல்லை. இளவரசன் ஆனான், ஒரு துறவிக்குப் படுக்க இடம் செய்து கொடுத்தான், அவ்வளவுதான். அதே மலையில் கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன் நத்தி என்பவன் செய்வித்த இருக்கையும் இருக்கிறது. அரசனின் பேரனும் வணிகனும் ஒரே பாறையில், ஒரே வகை எழுத்தில், ஒரே வகைக் கொடையின் வழியாகத் தம் பெயரை நிறுத்திக்கொண்டார்கள். இந்த அடக்கம் பின்னால் வந்த அரசர்களிடம் இல்லை.

அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் கொங்கு நாடு பிறருடைய பட்டங்களுக்குள் நுழையும் ஒரு சொல்லாக மாறியது. மூன்று பக்கமும் பேரரசுகள். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் வணிகப் பாதை. கொங்கைக் கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுஞ்சடையன் கொங்கு அரசனை வென்று, யானைகளைக் கைப்பற்றி, அவனை மதுரையில் சிறைவைத்து, காஞ்சிவாய்ப் பேரூரில் திருமாலுக்குக் குன்றம் போன்ற கோயில் எடுத்ததாகச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பேரூர்தான் இன்று கோவையின் மேற்கு விளிம்பில், நொய்யல் கரையில் இருக்கும் பேரூர். அடுத்த நூற்றாண்டில் சோழன் ஆதித்தன் கொங்கிலிருந்து கொண்டுபோன பொன்னால் தில்லை அம்பலத்தின் முகட்டை வேய்ந்ததாக நம்பியாண்டார் நம்பி பாடினார். கர்நாடகத்தில் போசள அரசன் விஷ்ணுவர்த்தனனின் விருதுப் பெயர்களில் தலைக்காட்டோடும் நங்கிலியோடும் கொங்கும் வரிசையில் நிற்கிறது. சோழர்கள் ஒருபடி மேலே போய் நாட்டின் பெயரையே மாற்றினார்கள். கொங்கு மண்டலம் கல்வெட்டுகளில் அதிராசராச மண்டலமாகவும் வீரசோழ மண்டலமாகவும் ஆயிற்று.

அந்த யானைகளைக் கொடுத்த கொங்கரும், அந்தப் பொன்னை இழந்த கொங்கரும் தம் இழப்பை எங்கே எழுதினார்கள்? எங்கும் இல்லை. வென்றவனின் செப்பேட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. இணைய ஆட்டக்காரர்கள் தடைசெய்திருக்கும் அந்தக் காரியம், எதிராளியின் தோல்வியைத் தானே எழுதுவது, மெய்க்கீர்த்தி என்ற அரச எழுத்து வகையின் உயிர்நாடி. இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் கைக்கொண்ட நாடுகளை வரிசைப்படுத்தி, அதை ஆட்சியாண்டு தோறும் கல்வெட்டுகளின் தலைப்பில் வைக்கும் வழக்கத்தை நிலைப்படுத்தினான். ஊர்க்கோயிலுக்கு விளக்கெரிக்க யாரோ ஆடு கொடுத்த செய்திக்கு முன்னால்கூட அந்த நாட்டுப் பட்டியல் வரும். கல்வெட்டைப் படித்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அரசனின் உரிமைக் கோரல் ஊரார் காதில் விழும்.

இத்தகைய கோரல்கள் ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டதும் உண்டு. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவன் தன்னைச் சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் என்று அழைத்துக்கொண்டான். சில ஆண்டுகளில் இரண்டாம் ஆதித்தன் தன்னை வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று அழைத்துக்கொண்டான். இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் 949-ல் தக்கோலத்தில் சோழரை முறியடித்த பின் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று பட்டம் புனைந்தான். அவன் கல்வெட்டுகள் மலிந்து கிடப்பது காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை நாட்டில்தான்; தஞ்சையில் அவன் ஆட்சி நிலைத்ததற்குக் கல் சாட்சி இல்லை. வரலாற்று ஆய்வாளர் பட்டத்தை எடைபோடும் முறை இதுதான். நாட்டைக் கொண்டேன் என்று ஒருவன் சொன்னால், அந்த நாட்டு ஊரார் தங்கள் ஆவணங்களில் அவன் ஆட்சியாண்டைப் போட்டு எழுதினார்களா என்று தேட வேண்டும். ஊர்ச் சபையும் கோயில் கணக்கும் போடும் அந்த ஆண்டுக் கணக்கே நிலப்படத்தில் வண்ணம் தீட்டிய கை.

கொங்கில் கிடைக்கும் ஓலை ஆணைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அவற்றில் பல கோனேரின்மைகொண்டான் என்று தொடங்குகின்றன. தனக்கு நிகரான கோன் இல்லை என்ற தகுதியைக் கொண்டவன் என்பது பொருள். சோழரும் பாண்டியரும் கொங்கை ஆண்ட சோழக் கிளையினரும் இந்த ஒரே பட்டத்தைத் தம் ஆணைகளில் வைத்தார்கள். இயற்பெயர் இல்லாததால், ஆணையிட்டவன் யார் என்று எழுத்தமைதியையும் அதிகாரிகளின் பெயர்களையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நிகரற்றவர்கள் பலர் இருந்ததால் ஒருவரும் அடையாளம் தெரியாமல் போனார்கள்.

ஆனால் அந்தப் பெயர் தெரியாத அரசன் ஒருவன் விடுத்த ஆணை, கொங்கு வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் ஆவணம். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் அது இருக்கிறது. அதே செய்தி கொங்கின் வேறு கோயில்களிலும் பொறிக்கப்பட்டது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு, அதாவது கொல்லர், தச்சர், தட்டார் முதலிய கைவினைஞர்களுக்கு விடுத்த ஆணை அது. ஓர் ஆடி மாதம் முதல் அவர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

அனுமதி கொடுத்திருக்கிறான் என்றால் அதுவரை தடை இருந்திருக்கிறது. நொய்யலும் அமராவதியும் பாயும் இந்த நாட்டில் கோயில்களைக் கட்டியவர்கள், கதவுக்கு இரும்பும் தேருக்கு அச்சும் செய்தவர்கள், தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச முடியாமல் இருந்தார்கள். சித்திரை வெயிலில் கொங்குத் தரை எப்படிக் கொதிக்கும் என்று அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தரையில் செருப்பில்லாமல் நடந்தார்கள். சங்கும் பேரிகையும் செருப்பும் சாந்தும் சிறியவை என்று இன்று தோன்றலாம். அவை அன்றைய மரியாதை ஒழுங்கின் அலகுகள். உச்சியில் இருப்பவன் நிகரற்ற கோன் என்று பட்டம் கொள்ளும் அதே ஒழுங்கின் அடியில் ஒருவன் செருப்புக்கு அனுமதி கேட்டு நிற்கிறான். பட்டங்களின் வரலாற்றை மேலே மட்டும் பார்த்து எழுதுவது பாதி வரலாறுகூட ஆகாது. இந்த ஆணை யாரும் இரங்கிக் கொடுத்த கொடையாக இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. கம்மாளர்கள் கேட்டிருக்க வேண்டும். திரண்டு கேட்டிருக்க வேண்டும். கிடைத்ததைப் பலர் பார்க்கும் கோயில் சுவரில் பொறித்து நிறுத்தியது அந்த முயற்சியின் அளவைக் காட்டுகிறது. கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. என் ஊகம் அது.

பேரரசர்களின் பட்டங்களுக்குக் கீழே, உள்ளூரில், வேறொரு அடுக்கு இருந்தது. கொங்கு 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது மரபு. பூந்துறை, காங்கேயம், பொன்கலூர், ஆறை, வாரக்கா, ஆனைமலை, தென்கரை, காஞ்சிக்கோயில், வெங்கால நாடு என்று அந்தப் பட்டியல் போகும். வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூராகிய பழனி, மேற்கே வெள்ளியங்கிரி, கிழக்கே குளித்தலை என்று எல்லை சொல்வார்கள். இந்த நாடுகளில் நாட்டாண்மை செலுத்திய குடும்பத் தலைவர்களில் சிலர் பட்டக்காரர் ஆனார்கள். பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம், காடையூர், புதூர் ஆகிய ஊர்களின் பட்டக்காரர் மரபுகள் இன்றும் காங்கேயம், தாராபுரம் பக்கம் பேசப்படுகின்றன. சர்க்கரை மன்றாடியார், வேணாவுடையார், பல்லவராயர் ஆகியவை அவர்கள் தாங்கிய பட்டப்பெயர்கள். மூத்தவருக்குப் பட்டம் கட்டுவது, கோயிலில் பரிவட்டம், வழக்குத் தீர்ப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பதவி.

இந்தப் பட்டங்களில் நிலைத்தவை எவை என்று பார்த்தால், ஏதாவது ஒரு பொதுக் காரியத்தோடு ஒட்டிக்கொண்டவை. காலிங்கராயன் என்பது கொங்குக்கு மட்டும் உரிய பெயர் அல்ல. சோழர் காலத்தில் தில்லைக்குத் திருப்பணி செய்த நரலோகவீரன் என்ற படைத்தலைவனும் காலிங்கராயன்தான். அது அரசு அலுவலருக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். தில்லையின் காலிங்கராயனைக் கல்வெட்டு அறிஞர்களுக்குத்தான் தெரியும். ஈரோட்டில் காலிங்கராயன் என்றால் சிறுவர்களுக்கும் தெரியும். பவானி ஆற்றின் குறுக்கே, காவிரியோடு அது கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து கொடுமுடிக்கு அருகே நொய்யலில் சேரும் வாய்க்கால் வெட்டிய பாண்டிய அதிகாரியின் பட்டம் அது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று மரபு சொல்கிறது. தன் வயலுக்கு நீர் கொண்டுபோகவே வாய்க்கால் வெட்டுகிறான் என்ற பேச்சு எழுந்ததால், தன் வழியினர் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லி தன் ஊரான வெள்ளோட்டை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் பெயர்ந்தான் என்றும் கதை உண்டு. கதை எந்த அளவுக்கு உண்மையோ, பட்டம் தாங்கியவரிடம் கொங்கு மக்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதை அது தெளிவாகவே சொல்கிறது. வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

பழையகோட்டைப் பட்டத்துக்கு இதே வேலையைச் செய்தது மாடு. கொறங்காடு என்று அழைக்கப்படும், கிளுவை முள்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் வளரும் காங்கேயம் இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பெருக்கியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் ராவ் பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குப் பெரும் பங்கு உண்டு. ராவ் பகதூர் பிரிட்டிஷார் கொடுத்தது, மன்றாடியார் நாட்டார் ஏற்றது. கால்நடை அறிவியல் நூல்கள் அவரை நினைவில் வைத்திருப்பது இரண்டுக்காகவும் அல்ல, காளைகளுக்காக.

தானே சூட்டிக்கொண்ட பெயர் ஒன்றும் கொங்கில் நிலைத்திருக்கிறது. காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி, மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லுங்கள் என்றான் என்பது மக்கள் வழங்கும் வரலாறு. இரு மலைகளுக்கு நடுவே தன்னையே ஓர் இடமாக நிறுத்திக் கேட்ட உரிமை அது. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் ஆங்கிலக் கும்பினியார் அவனைத் தூக்கிலிட்டார்கள். தீரன் சின்னமலை என்ற பெயரை எந்த அரசனும் கொடுக்கவில்லை, எந்தச் செப்பேடும் பதியவில்லை. ஊர் ஏற்றுக்கொண்டது.

விளையாட்டின் நிலப்படத்துக்கும் அதைப் பராமரிப்பவருக்கும் மிக நெருக்கமான நிகழ்ச்சி கொங்கில் நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1799-ல் திப்பு வீழ்ந்தார். கோயம்புத்தூர் கும்பினியிடம் வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தென்னாட்டுப் பாளையக்காரர்களின் எதிர்ப்பும் நசுக்கப்பட்டது. யாருக்கு எந்த நிலம், எந்தப் பாளையம் நீடிக்கும், யார் வெறும் வரி கட்டுபவராக இறங்குவார் என்று வெள்ளை அதிகாரிகள் முடிவெடுத்துக்கொண்டிருந்த நேரம். அப்போது நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று சுவடிகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேகரித்தார்கள். மெக்கன்சி பின்னர் 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆனார். அவர் தொகுப்பில் கொங்குப் பாளையக்காரர்களின் வம்சாவளிகளும் இருக்கின்றன. ஊத்துக்குளிக் காலிங்கராயர் வரலாறும் அவற்றுள் அடங்கும். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இத்தகைய வம்சாவளிகளை அச்சிட்டும் வெளியிட்டிருக்கிறது.

இந்த வம்சாவளிகளின் போக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். முன்னோர் ஒருவர் வேற்றூரிலிருந்து வருவார். அரசன் முன்னால் புலியையோ மல்லனையோ கள்ளர் கூட்டத்தையோ அடக்குவார். அரசன் மகிழ்ந்து பட்டம், குடை, பல்லக்கு, கொடி, காணிநிலம் தருவான். மதுரைக் கோட்டையில் 72 கொத்தளங்களுள் ஒன்றைக் காக்கும் பொறுப்பு வரும். காடு வெட்டி, குளம் வெட்டி, கோயில் கட்டி ஊர் உண்டாக்குவார். தலைமுறை தலைமுறையாகப் பட்டம் தொடரும். புதுக்கோட்டையை ஆராய்ந்த நிக்கலஸ் டர்க்ஸ் 1987-ல் வெளியிட்ட நூலில், இந்தக் குடிவரலாறுகளை வெறும் கட்டுக்கதை என்று தள்ளக் கூடாது என்று வாதிட்டார். பட்டமும் சின்னமும் நிலமும் அரசன் கையிலிருந்து ஒரே உறவின் பகுதிகளாக வருகின்றன. அந்த உறவில் நிற்பதே அரசியல் என்பது அவர் கருத்து. அதை நான் ஏற்கிறேன். ஆனால் சொல்லப்பட்ட சூழலையும் விட்டுவிட முடியாது. நிலப்படம் வரைபவரின் ஆள் வாசலில் உட்கார்ந்து, உங்கள் உரிமை என்ன என்று கேட்கிறான். சொல்கிறவருக்கு அவர் பாளையமே பணயம். புலியின் பருமன் கூடத்தான் செய்யும்.

இந்த மிகைப்படுத்தல் செப்பேடுகளிலும் உண்டு. கொங்கின் பட்டயங்களையும் கல்வெட்டுகளையும் வாழ்நாள் முழுதும் தேடித் தொகுத்தவர் ஈரோட்டுப் புலவர் செ. இராசு. அரச்சலூர் இசைக் கல்வெட்டை வெளிக்கொணர்ந்தவரும் அவரே. அவரைப் போன்றவர்கள் பதிப்பித்ததால்தான் சாதிகளும் குலங்களும் தமக்குள் எழுதிக்கொண்ட ஆவணங்கள் நமக்குக் கிடைத்தன. அவற்றில் சில பிற்காலத்தில் எழுதப்பட்டு, மிகப் பழைய அரசர்களின் பெயரையும் ஆண்டையும் தலையில் சூடியவை. எழுத்து வடிவமும் மொழியும் காட்டிக்கொடுத்துவிடும். அவை பொய் என்று தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தக் காலத்தில் எந்தக் குழு எந்த உரிமைக்காகப் போராடியது என்று அறிய அவை நல்ல சான்று. சேரன் காலத்தில் என்ன நடந்தது என்று அறிய அவை சான்று ஆகா.

வம்சாவளிக்கு வெளியே, நிலத்தை உழுத மக்கள் பாடிக்கேட்ட வரலாறு ஒன்றும் உண்டு: அண்ணன்மார் கதை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயம் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தபோது உடுக்கடித்துப் பாடப்பட்ட இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். 1982-ல் அதைப் பற்றி நூல் எழுதினார். சோழ அரசனிடம் நிலம் பெற்ற உழவர் குடும்பம், பங்காளிப் பகை, தலையூர்க் காளி, வேட்டுவர்களோடு போர், கடைசியில் அண்ணன்மாராகிய பொன்னர், சங்கர் இருவரின் சாவு. வளநாட்டையும் வீரப்பூரையும் சுற்றி நடக்கும் கதையில் ஏரும் காடும் ஒரே மண்ணைக் கேட்கின்றன. பாடுகிறவர் ஏரின் பக்கம் நிற்கிறார். காட்டின் பக்கத்துக் கதை அந்த அளவுக்கு நமக்குக் கேட்கவில்லை.

சுதந்திர இந்தியா இந்த அடுக்குகளைச் சட்டத்தால் கலைத்தது. சென்னை மாகாணம் 1948-ல் சமீன்களை ஒழிக்கும் சட்டம் இயற்றியது. அரசமைப்பின் 18-ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்றது. 1971-ல் 26-ஆம் திருத்தம் சமஸ்தான மன்னர்களுக்கு இருந்த ஏற்பையும் மானியத்தையும் நீக்கியது. கோயில் மரியாதை மட்டும் நீதிமன்றப் படிகளில் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் தமக்குரிய மரியாதைகளைக் கேட்டு ஒரு ஜீயர் தொடுத்த வழக்கில் 1961-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கொங்குப் பரிவட்டத் தகராறுகளில் ஈடுபடும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வெறும் மரியாதையைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் வர முடியாது. கோயிலில் கடமைகளோடு கூடிய பதவி ஒன்று இருந்து, அந்தப் பதவியின் பகுதியாக மரியாதை வந்தால் மட்டுமே அதைக் கேட்கலாம். பணி இல்லாத பட்டத்துக்குப் பாத்தியதை இல்லை என்று நம் சட்டமே முடிவு சொல்லிவிட்டது.

இதற்குப் பிறகும் ஆண்ட பரம்பரை என்ற முழக்கம் சுவரொட்டிகளில் வளர்கிறது. கொங்கிலும் அதற்குக் குறைவில்லை. ஒவ்வொரு சாதியும் தனக்கொரு மன்னரைத் தேடிக்கொண்டு, கல்வெட்டின் ஒரு வரியை அதன் இடத்திலிருந்து பிடுங்கி, கைப்பேசியில் பரப்புகிறது. இணைய விளையாட்டில் பேரரசர் பட்டம் கொள்ளும் இளைஞரால் யாருக்கும் கேடில்லை. அது விளையாட்டு என்று அவருக்கும் பிறருக்கும் தெரியும். சுவரொட்டியில் பட்டம் கொள்பவர் அடுத்த தெருக்காரரைக் குடிபடையாகப் பார்க்கத் தொடங்குகிறார். கரூர்க் கம்மாளர் ஆணை இருக்கும் நாட்டில் இந்தப் பெருமைக்கு இடமே இருக்கக் கூடாது. நிலப் பெயருக்கு இருக்கும் சூட்டையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 சூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரைப் பற்றிய அரசுக் குறிப்பில் சொந்த இடம் கொங்கு நாடு என்று வந்த ஒரு சொல், தனி மாநிலம், யூனியன் பிரதேசம் என்றெல்லாம் பல நாள் விவாதமாக வெடித்தது.

யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைக் கேட்டால் தவறென்ன என்று சிலர் கேட்பார்கள். எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே பீர் தவீல் என்று சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் பாலை இருக்கிறது. இரு நாடுகளும் அதைக் கேட்பதில்லை. மகளை இளவரசியாக்க 2014-ல் அமெரிக்கர் ஒருவர் அங்கே கொடி நட்டார். 2017 நவம்பரில் இந்தூர் இளைஞர் ஒருவர் அதே இடத்தில் விதை ஊன்றித் தன்னை அரசராக அறிவித்தார். உலகம் இருவரையும் ஏற்கவில்லை. அதைவிட முக்கியமான செய்தி, அந்தப் பாலையில் காலங்காலமாக ஆடும் ஒட்டகமும் மேய்த்து நடக்கும் நாடோடி மக்கள் இருக்கிறார்கள் என்பது. நிலப்படத்தில் வெற்றிடமாகத் தெரிந்தது அவர்களுடைய மேய்ச்சல் வழி.

அப்படிக் குடிகள் கண்ணில் படாத நிலம் கொங்கிலும் உண்டு. கொங்கின் 24 நாடுகளில் ஆனைமலை நாடும் ஒன்று. அரசர்களும் பாளையக்காரர்களும் சமீன்களும் தேயிலைத் தோட்டங்களும் வனத்துறையும் மாறி மாறி அதற்கு உரிமை கோரின. அங்கே வாழும் காடர், மலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் எந்த மெய்க்கீர்த்தியும் எழுதவில்லை. இவர்களுக்குக் கேட்கும் உரிமை சட்டப்படி வந்தது 2006-ன் வன உரிமைச் சட்டத்தால். அதன்படி உரிமைக் கோரலைக் கேட்டுச் சரிபார்க்கும் முதல் மன்றம் கிராம சபை. தாமிரப் பட்டயம் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம், முன்னோரைப் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், பழைய வீட்டின் அடித்தளம் ஆகியவற்றையே விதிகள் சான்றாக ஏற்கின்றன. 2019 ஆகஸ்ட் மழையில் வால்பாறைப் பகுதியின் கல்லார்குடி நிலச்சரிவில் சிதைந்தது. அங்கிருந்த காடர் குடும்பங்கள் பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியேற அனுமதி கேட்டு நீண்ட நாள் போராட வேண்டியிருந்தது. சொந்தக் காட்டில் ஒரு குடிசைத் தரைக்கு அவர்கள் மனு எழுதினார்கள்.

மன்னர் பெயரைத் தேடிச் சுவடி புரட்டும் கொங்கு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த உழைப்பில் பாதியை இந்தக் குடிகளின் பக்கம் திருப்புங்கள். பெரியவர்கள் சொல்லும் இடப்பெயர்களை எழுதி வையுங்கள். இடுகாட்டையும் சாமி இருக்கும் பாறையையும் நிலப்படத்தில் குறித்துக் கொடுங்கள். கிராம சபையில் மனு எழுதத் துணை நில்லுங்கள். இன்றைய கொங்கில் மண்ணின் மீது எழும் உரிமைக் கோரல்களில் முதலில் தீர்க்கப்பட வேண்டியவை ஆனைமலைக் குடிகளுடையவை.